பறவைங்களைப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்களும் எனக்குத் தெரிஞ்ச பதிலுங்களும்

கழுத்துல பைனாகுலர் தொங்குனா போதும், பக்கத்துல வந்து நிக்கறவங்க ஏதாவது கேப்பாங்க, அதுவும் ஒரு பத்து பன்னெண்டு கேள்விதான், ஆள் மாறும் கேள்வி மாறாது. தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போய் இங்க மொத்தமா எழுதி வெச்சுட்டேன். நான் விஞ்ஞானி எல்லாம் கிடையாது, ரொம்ப வருஷமா பறவை பாக்குற ஆளு, அவ்ளோதான். இத்தனை வருஷத்துல ஒண்ணு கவனிச்சிருக்கேன்: நாம ரெண்டு நிமிஷம் பாத்துட்டு பாசம், கோவம், திமிரு, சோம்பேறித்தனம்னு ஒரு பேர் வெச்சுட்டு கிளம்பிடறோம், அதே இடத்துல அரை மணி நேரம் அசையாம உக்காந்தா கதை வேற மாதிரி போகும். கீழ இருக்கற பதில்ல பாதி அந்த அரை மணி நேரத்துல கத்துக்கிட்டதுதான்.

குஞ்சு ஒண்ணு தரையில கிடக்கு, எடுத்துட்டு வந்து வளர்க்கலாமா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். மொதல்ல அதோட உடம்பைப் பாருங்க. இறகு முளைச்சிருக்கு, வால் மட்டும் கட்டையா இருக்கு, தத்தித் தத்திப் போகுது, கிட்ட போனா முறைக்குதுன்னா அது கீழ "விழுந்த" குஞ்சு இல்ல, கூட்டை விட்டு இறங்கின குஞ்சு. நிறைய சின்னப் பறவைங்க பறக்கத் தெரியறதுக்கு முன்னாடியே கூட்டை விட்டு வெளிய வந்துடும், ஏன்னா கூடுங்கறது ரொம்ப ஆபத்தான இடம், பாம்போ பூனையோ வந்தா மொத்தக் குடும்பமும் காலி, அதுவே ஆளுக்கு ஒரு புதர்னு பிரிஞ்சு உக்காந்துட்டா ஒண்ணு ரெண்டாவது தப்பிக்கும். அப்பா அம்மா பக்கத்துலயே எங்கயோ இருக்கும். நீங்க அங்க நிக்கறதாலதான் அதுங்க கிட்ட வராது. தள்ளிப் போய் மறைவா உக்காருங்க, வாய்ல புழுவோட வந்து சேரும்.

பூனை, நாய், வண்டி வர்ற இடமா இருந்தா எடுத்து பக்கத்துப் புதர்லயோ தாழ்வான கிளையிலயோ வெச்சுட்டு நகர்ந்துடுங்க. இறகே இல்லாத, கண்ணு கூட தொறக்காத குஞ்சுன்னா அது நிஜமாவே விழுந்ததுதான், கூடு எட்டுற தூரத்துல இருந்தா திரும்ப உள்ள வெச்சுடலாம். அடிபட்டிருக்கு, ரத்தம் வருது, பூனை கவ்விட்டுதுன்னா காட்டுயிர் மீட்பு ஆளுங்களைக் கூப்பிடணும், வெளிய தெரியற காயம் சின்னதா இருந்தாலும் சரி, பூனை பல்லு பட்டா கிருமி உள்ள போயிடும்.

இன்னொண்ணு, பாவம் தாகமா இருக்கும்னு சொட்டு சொட்டா தண்ணி ஊத்தாதீங்க. பறவைக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்கு முடியற இடத்துக்குப் பின்னாடியே திறந்திருக்கும், நாம ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போயிடும். நல்ல எண்ணத்துல செத்த குஞ்சுங்கதான் அதிகம்னு எனக்குத் தோணும்.

மனுஷன் தொட்டா தாய்ப்பறவை சேத்துக்காதுன்னு சொல்றாங்களே?

கட்டுக்கதை. நம்ம வாசனை பட்டதுக்காக குஞ்சை ஒதுக்கிடாது, அத்தனை நாள் அடை காத்து ஊட்டி வளர்த்ததை அவ்ளோ சுலபமா விட்டுட்டுப் போகாது. ஆனா கூட்டுக்குப் பக்கத்துல போய் தினமும் எட்டிப் பாக்கறது, போட்டோ எடுக்க இலைய விலக்கறது, இதெல்லாம் பண்ணா முட்டை வெச்ச புதுசுல கூட்டைக் கைவிட்டுடற பறவைங்க இருக்கு. நீங்க போற வழியை காக்காவும் பாத்துக்கிட்டே இருக்கும், அது தனிப் பிரச்சனை.

கூடு பறவையோட வீடுதானே, ராத்திரி அங்கதானே தூங்கும்?

இல்லீங்க, கூடு தொட்டில். முட்டை போட்டு குஞ்சு வளர்க்கறதுக்கு மட்டும்தான் பெரும்பாலான பறவைங்களுக்கு கூடு, குஞ்சு பறந்ததும் அதை அப்படியே போட்டுட்டுப் போயிடும். மத்த நாள்ல கிளையில, நாணல்ல, பாறை இடுக்குல, அடர்த்தியான இலைக்கு நடுவுல தூங்கும். மரங்கொத்தி மாதிரி சிலது பொந்துல தூங்கும்.

தூக்கத்துல கிளையில இருந்து விழாதா?

குந்தி உக்காரும்போது முழங்காலும் கணுக்காலும் மடங்கும் இல்லையா, அப்போ காலுக்குப் பின்னாடி ஓடுற தசைநாண் இழுபட்டு விரலுங்களை மடக்கும். பறவையோட எடையே பிடியைக் கொடுக்குதுன்னு ரொம்ப காலமா சொல்லுவாங்க, எல்லாப் பறவைக்கும் அப்படித்தானான்னு சந்தேகப்படற ஆராய்ச்சியாளருங்களும் இருக்காங்க.

இதை விட எனக்குப் பிடிச்ச விஷயம், அரை மூளைத் தூக்கம். பறவைங்களால மூளையில ஒரு பாதியை தூங்க வெச்சுட்டு இன்னொரு பாதியை முழிச்சிருக்க வைக்க முடியும், முழிச்சிருக்கற பாதிக்கு எதிர்ப்பக்கக் கண்ணு தொறந்திருக்கும். வாத்துங்களை வரிசையா தூங்க விட்டு பாத்திருக்காங்க, நடுவுல இருக்கறது ரெண்டு கண்ணையும் மூடிக்கும், ஓரத்துல இருக்கறது வெளிப்பக்கம் பாத்த கண்ணைத் தொறந்து வெச்சிருக்கும். ஓரத்து வாத்தை திருப்பி வெச்சா கண்ணையும் மாத்திக்கும்! ஃப்ரிகேட்னு ஒரு கடல் பறவை, கலாபகஸ் தீவுல அதோட தலையில சின்னக் கருவி பொருத்தி பாத்தப்போ பறந்துக்கிட்டே தூங்கறது பதிவாச்சு, அதுவும் ஒரு நாளைக்கு மொத்தமா 42 நிமிஷம் போல, கரைக்கு வந்தா 12 மணி நேரத்துக்கு மேல தூங்கித் தீர்த்துடுது. ஐரோப்பாவுல கூடு கட்டுற உழவாரன் குருவி, கூட்டை விட்டு கிளம்புனா பத்து மாசம் வரைக்கும் தரையில காலே வைக்காம காத்துலயே சாப்பிட்டு காத்துலயே இருக்கும்.

எல்லா முட்டையும் ஒரே நாள்லயா போடும்?

முடியாது, சின்னப் பறவைங்க பெரும்பாலும் நாளைக்கு ஒண்ணுன்னுதான் போடும். சுவாரசியம் அடை காக்கறது எப்போ ஆரம்பிக்குதுங்கறதுல இருக்கு. வாத்து மாதிரி ஆளுங்க கடைசி முட்டை வர்ற வரைக்கும் சரியா உக்காராது, அதனால எல்லாக் குஞ்சும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல பொரிஞ்சு, உடனே அம்மா பின்னாடி வரிசையா கிளம்பிடும். ஆந்தையும் கழுகும் மொத முட்டையிலயே உக்காந்துடும், அதனால மூத்தது பெருசாவும் கடைசி சின்னதாவும் இருக்கும். இரை நிறைய இருந்தா எல்லாம் பொழைக்கும், பஞ்சம்னா மூத்தது மட்டும் தின்னு பொழைக்கும், கடைசி செத்துடும், சில சமயம் அண்ணன்காரனே தின்னுடுவான். கேக்க கொடூரமா இருக்கும், ஆனா இருக்கறத எல்லாருக்கும் சமமா பிரிச்சா எல்லாமே சாகுற வருஷங்களும் உண்டு.

குயில் ஏன் அடுத்தவன் கூட்டுல முட்டை போடுது? சோம்பேறியா?

சோம்பேறின்னு சொல்றவங்க அது படற பாட்டைப் பாத்ததில்ல. காக்கா கூடு எங்க இருக்கு, எப்போ முட்டை போட ஆரம்பிக்குதுன்னு நாள் கணக்கா ஒளிஞ்சிருந்து பாக்கணும், நேரம் தப்பினா எல்லாம் வீண். கறுப்பா இருக்கற ஆண் குயில் சத்தம் போட்டு காக்காவை துரத்த வெச்சு இழுத்துட்டுப் போகும், பொட்டுப் பொட்டா இருக்கற பெண் குயில் அந்த இடைவெளியில போய் போட்டுட்டு வந்துடும். காக்கா பிடிச்சா கொத்திக் குதறிடும். ஆமா, சொல்ல மறந்துட்டேன், "கூ... கூ..."னு பாடறது ஆண்தான், பொம்பளக் குயில் "கிக் கிக் கிக்"னு கீச்சுக் குரல்ல கத்திட்டுப் போகும், காலம் காலமா பாட்டுக்காரின்னு பேர் மட்டும் அதுக்கு.

ஐரோப்பாவுல இருக்கற சாதாரணக் குக்கூ இன்னும் ஒரு படி மேல. பொரிஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் ஆன குஞ்சு, கண்ணு தெரியாது, உடம்புல ஒரு இறகு கிடையாது, கூட்டுல இருக்கற மத்த முட்டைய ஒவ்வொண்ணா முதுகுல ஏத்தி, பின்பக்கமாவே நகர்ந்து விளிம்புக்கு வந்து வெளிய தள்ளிடும், முதுகுல அதுக்குன்னே ஒரு பள்ளம் இருக்கு. பெரியம்மை ஊசி கண்டுபிடிச்ச எட்வர்ட் ஜென்னர்தான் 1788-ல இதை விளக்கமா எழுதினார், ரொம்பப் பேர் நம்பல. அதுக்கப்புறம் தன்னை விட பல மடங்கு பெருசா இருக்கற குஞ்சுக்கு ஒரு சின்னக் குருவி மூச்சு வாங்க இரை கொண்டு வரும். அதுக்குக் கூட அறிவு இல்லையான்னு கேப்பீங்க, குக்கூ குஞ்சு ஒத்தை ஆளா ஒரு கூடு நிறைய குஞ்சுங்க கத்தற வேகத்துல கத்தும், அந்தச் சத்தத்துக்கு ஊட்டாம குருவியால இருக்க முடியாது.

காலங்காத்தால ஏன் அப்படி கத்துதுங்க?

அந்த நேரத்துல இரை தேட வெளிச்சம் பத்தாது, காத்தும் சத்தமும் குறைவு, குரல் தூரம் போகும், ராத்திரி தாண்டி நான் உசுரோட இருக்கேன், இந்த இடம் என்னுதுன்னு பக்கத்து ஆளுக்கு சொல்லணும், ஜோடியும் கேக்கணும். பசியோட எழுந்திரிச்சும் பாடறான்னா நல்லா தின்னு வளந்த ஆளுன்னு அர்த்தம்.

பறவைக்கு குரல்வளை நம்ம மாதிரி தொண்டை மேல இல்ல, மூச்சுக்குழாய் ரெண்டா பிரியற இடத்துல இருக்கு, அதனால சில பாட்டுப் பறவைங்க ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா இயக்கி ஒரே நேரத்துல ரெண்டு சுரம் பாடும். பாட்டு பிறவியிலயே வர்றதும் இல்ல, பாட்டுப் பறவைக் குஞ்சுங்க பெரியவங்க பாடறத கேட்டு, மொதல்ல உளறி, அப்புறம் திருத்தித் திருத்தி கத்துக்கும். கேக்கவே விடாம தனியா வளர்த்தா கோணல் மாணலாத்தான் பாடும். ஊருக்கு ஊர் பேச்சு வழக்கு மாறற மாதிரி ஒரே இனத்துக்கே இடத்துக்கு இடம் பாட்டு மாறும்.

எங்க ஜன்னல் கண்ணாடியை ஒரு குருவி தினமும் வந்து கொத்துது, ஏன்?

எனக்கும் நடந்தது. கொண்டைக்குருவி ஒண்ணு மூணு வாரம் தினமும் காலையில ஆறரைக்கு வந்து என் ஜன்னலை அடிச்சுது, கண்ணாடி பூரா அலகு பட்ட எச்சில் கோடு. பாசமா என்னை எழுப்ப வருதுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. உக்காந்து பாத்தேன். அது என்னைப் பாக்கவே இல்ல, கண்ணாடிக்குள்ள இருக்கற இன்னொரு கொண்டைக்குருவியைப் பாத்து கொண்டைய சிலிர்த்து, இறக்கைய விரிச்சு, பாய்ஞ்சு பாய்ஞ்சு அடிக்குது. எதிராளியும் சரியா அதே நேரத்துல பாயறான், பின்வாங்கவே மாட்டேங்கறான், நிஜ எதிராளியா இருந்தா ஒருத்தன் எப்பவோ ஓடியிருப்பான். வெளிப்பக்கம் பழைய பேப்பர் ஒட்டினேன், ரெண்டாவது நாள்ல இருந்து வரல. பக்கத்து செடியில கூடு இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது. கூடு கட்டற காலம் முடிஞ்சா இந்த வீரம் தானா அடங்கிடும்.

வேகமா வந்து மோதி விழறது வேற விஷயம். அது கண்ணாடியில தெரியற வானத்தையும் மரத்தையும் நிஜம்னு நம்பி வர்றது, அதுல செத்துப் போறதும் நிறைய. கழுகு படம் ஒண்ணு ஒட்டிட்டா போதும்னு நினைக்காதீங்க, அந்தப் படத்தைச் சுத்திக்கிட்டு பக்கத்து கண்ணாடியில மோதும். வெளிப்பக்கமா 5 சென்டிமீட்டர் இடைவெளியில புள்ளி புள்ளியா கண்ணாடி முழுக்க ஒட்டினாத்தான் பிரயோஜனம்.

வலசை போற பறவைக்கு வழி எப்படித் தெரியுது?

பறவைங்க எங்க போகுதுன்னே மனுஷனுக்கு ரொம்ப காலம் தெரியாது. குளிர் காலத்துல சேத்துக்குள்ள புதைஞ்சு தூங்குதுன்னு எல்லாம் நம்பினாங்க. 1822-ல ஜெர்மனியில ஒரு செங்கால் நாரை கழுத்துல ஈட்டி குத்தின மேனிக்கே வந்து சேர்ந்துது, பாத்தா அது ஆப்பிரிக்க ஈட்டி! அதோட பாடம் பண்ணின உடம்பு இன்னைக்கும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்துல இருக்கு. அப்புறம் 1899-ல டென்மார்க்ல மார்டென்சன்னு ஒரு வாத்தியார் எண் பொறிச்ச அலுமினிய வளையம் செஞ்சு பறவைங்க கால்ல மாட்டி விட்டார், இப்போ உலகம் பூரா நடக்கற வளையமிடறது அங்கதான் ஆரம்பம்.

வழிக்கு ஒரே ஒரு கருவி இல்ல. சூரியன், நட்சத்திரம், பூமியோட காந்தப்புலம், மலை, கடற்கரை, சில பறவைக்கு வாசனைன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பயன்படுத்துது. ஸ்டீஃபன் எம்லென்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் குஞ்சுப் பருவத்துல இருந்து வளர்த்த சின்னப் பறவைங்களை கோளரங்கத்துல வெச்சு, வானத்தை துருவ நட்சத்திரத்தைச் சுத்தி சுழல விடாம திருவாதிரையைச் சுத்தி சுழல விட்டார். வலசை காலம் வந்ததும் அதுங்க திருவாதிரைதான் வடக்குன்னு எடுத்துக்கிட்டு அதுக்கு எதிர்த்திசையில கிளம்பப் பாத்துதுங்க. ஆக எந்த நட்சத்திரம்ங்கறது பிறவி அறிவு இல்ல, எது நகராம நிக்குதோ அதைப் பாத்துக்கோன்னு மட்டும்தான் உள்ள எழுதியிருக்கு.

தூரம் கேட்டா தலை சுத்தும். ஆர்டிக் ஆலா வட துருவத்துப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு தென் துருவத்துக் கடலுக்குப் போய்த் திரும்பும், வருஷத்துக்கு 70,000 கிலோமீட்டருக்கும் மேல. பட்டைவால் மூக்கன்னு ஒரு கரைப்பறவை, 2022-ல அலாஸ்காவுல இருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாள் எங்கயும் இறங்காம 13,560 கிலோமீட்டர் பறந்துது, அது பொறந்தே அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. கடல்ல இறங்கி ஓய்வெடுக்கவும் முடியாது, நீந்துற பறவை இல்ல அது. கிளம்பறதுக்கு முன்னாடி உடம்பு கொழுப்பா ஏத்திக்கும், வழியில வேலையில்லாத குடல், இரைப்பை எல்லாத்தையும் சுருக்கிக்கும்.

ஏன் 'வி' மாதிரி பறக்குது?

முன்னாடி போற பறவையோட இறக்கை நுனிக்குப் பின்னாடி காத்து மேல தூக்கும், அந்த இடத்துல பறந்தா உழைப்பு மிச்சம். முன்னாடி போறது மாறி மாறி வரும்.

காக்கா நிஜமாவே ஆளை ஞாபகம் வெச்சுக்குமா?

வெச்சுக்கும், பழியும் வாங்கும், பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுக்கும். ஜான் மார்ஸ்லஃப்ங்கற ஆராய்ச்சியாளர் 2006-ல சியாட்டில்ல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்துல ஒரு குகை மனுஷன் முகமூடி போட்டுக்கிட்டு ஏழு காக்காவைப் பிடிச்சு வளையம் மாட்டி விட்டார். அதுக்கப்புறம் அந்த முகமூடியோட யாரு நடந்தாலும், குட்டையோ நெட்டையோ ஆணோ பெண்ணோ, காக்காங்க சுத்தி நின்னு கத்தி விரட்டிச்சு. வருஷம் போகப் போக கத்தற காக்கா எண்ணிக்கை கூடிச்சு, அப்போ பொறந்தே இருக்காத காக்கா எல்லாம் சேர்ந்துக்கிச்சு. வேற முகமூடி போட்டவங்களை கண்டுக்கவே இல்ல. அதனால காக்காகிட்ட வம்பு வெச்சுக்கிட்டா வீடு மாறறது நல்லது.

பறவைங்க ஒரே ஜோடியோட கடைசி வரைக்கும் வாழுமா?

சிலது. அல்பட்ராஸ்ங்கற பெரிய கடல் பறவை ஒரு ஜோடி பிடிச்சா பெரும்பாலும் சாகற வரைக்கும் அதுதான். பசிபிக் கடல்ல இருக்கற மிட்வே தீவுல விஸ்டம்னு பேர் வெச்ச ஒரு அல்பட்ராஸ் இருக்கு, 1956-ல வளையம் மாட்டினாங்க, 2024 கடைசியில கூட முட்டை போட்டுது, அப்பவே வயசு ஏறக்குறைய 74 இருக்கும், அவ்ளோ வாழ்ந்ததுல ஒரு ஜோடி மட்டும் எப்படிப் போதும், செத்துப் போனா வேற தேடிக்கத்தான் செய்யும். சின்னப் பறவைங்கள்ல "ஜோடி"ன்னா அந்த ஒரு பருவத்துக்கு கூட்டுக் குடித்தனம், அவ்ளோதான். மரபணு சோதனை வந்தப்புறம் ஒரே கூட்டுல ரெண்டு மூணு அப்பா இருக்கறது சகஜம்னு தெரிஞ்சுது.

இலைக்கோழி கதை தலைகீழ், பொண்ணு பெருசா இருக்கும், பல ஆணுங்களோட சேர்ந்து முட்டை போட்டுக் கொடுத்துட்டுப் போயிடும், அடை காக்கறதும் குஞ்சு மேய்க்கறதும் ஆம்பளைங்க வேலை. இருவாச்சி இன்னொரு ஓரம்: பொண்ணு மரப்பொந்துக்குள்ள போய் வாசலை எச்சத்தாலயே அடைச்சுக்கிட்டு ஒரு கோடு மாதிரி இடைவெளி மட்டும் விட்டுக்கும், உள்ள இருக்கும்போது பறக்கற இறகெல்லாம் உதிர்த்து புதுசா முளைக்க விடும், ஆணு வாரக்கணக்கா பழம் கொண்டு வந்து அந்த இடைவெளியில ஊட்டிக்கிட்டே இருக்கணும். இதை உத்தம புருஷன்னு எழுதறவங்க இருக்காங்க. தூக்கணாங்குருவி ஆணு பாதி கூடு கட்டிட்டு பொண்ணைக் கூப்பிடும், பொண்ணு வந்து பாத்து சம்மதிச்சாத்தான் மீதி வேலை, முடிச்சுக் கொடுத்துட்டு அடுத்த கூடு அடுத்த பொண்ணுன்னு கிளம்பிடும். நாம யாரையும் உதாரணமா எடுத்துக்காம இருந்தா எல்லாருக்கும் நல்லது.

பறவைங்க ஒண்ணுக்குப் போகுமா?

சின்னப் பசங்க கேப்பாங்க, பெரியவங்க கேக்க வெக்கப்படுவாங்க. தனியா போகாது. எச்சத்துல வெள்ளையா இருக்கே, அதுதான், தண்ணியா இல்லாம பசை மாதிரி வெளிய வரும், தண்ணி மிச்சம்.

அப்போ கூட்டுக்குள்ள குஞ்சு போனா நாறாதா? தையல் சிட்டு ஒண்ணு செடி இலைய ஓட்டை போட்டு நார் கோத்து தைச்ச கூட்டை மறைவா இருந்து பாத்திருக்கேன். அம்மா புழுவோட வரும், ஒரு வாய்ல திணிக்கும், திணிச்சுட்டு போகாம நிக்கும். குஞ்சு மெதுவா திரும்பி பின்பக்கத்தைத் தூக்கும், மெல்லிசான தோல் மூடின வெள்ளை உருண்டை ஒண்ணு வெளிய வரும், ஒழுகாது, பை மாதிரி முழுசா இருக்கும், அம்மா அதை அலகுல கவ்விட்டு தூரமா பறந்து போய் போட்டுட்டு வரும். பூச்சி, நாத்தம், வேட்டைக்காரன் கண்ணுல படறது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு.

மரங்கொத்திக்கு தலை வலிக்காதா?

மண்டையில ஸ்பாஞ்ச் மாதிரி அதிர்ச்சி தாங்கி இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, 2022-ல வேகக் கேமரா வெச்சு பாத்து அப்படி இல்லன்னுட்டாங்க, தலை சுத்தியல் மாதிரி விறைப்பாத்தான் இருக்கு. மூளை சின்னது, அதனால அடி தாங்கும்.

இத்தனை பறவை இருக்கே, செத்த பறவை ஏன் கண்ணுலயே படறதில்ல?

நல்ல கேள்வி, யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் நடுக்கமா இருக்கும். சின்னப் பறவைங்கள்ல பாதிக்கு மேல மொத வருஷத்தைத் தாண்டறதே இல்ல. ஆனா பெரும்பாலானது "செத்து விழறது" இல்ல, யாரோ பிடிச்சுத் தின்னுடறது. நோய் வந்தது கடைசி வரைக்கும் காட்டிக்காது, ஏன்னா நோஞ்சானைத்தான் பருந்து மொதல்ல பாக்கும், ரொம்ப முடியாமப் போனப்புறம்தான் புதருக்குள்ள ஒடுங்கும். அங்க சாயங்காலம் செத்தா ராத்திரிக்குள்ள எலியோ பூனையோ கண்டுபிடிச்சுடும், மிச்சத்தை எறும்பு பாத்துக்கும். ஒரு தடவை செத்த சிட்டுக்குருவி ஒண்ணை செடி மறைவுல பாத்துட்டு, மறுநாள் அளந்து குறிச்சுக்கலாம்னு விட்டுட்டு வந்தேன். மறுநாள் காலையில அதே இடத்துல ரெண்டு வால் இறகு, நீளமா ஒரு எறும்பு வரிசை, வேற ஒண்ணும் இல்ல.